வெரிகோஸ்: இந்தச் சொல்லின் மூலம் என்ன?

#1 பிழைதிருத்தி

நண்பர்களே, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். நோயாளிகளுக்குக் கொடுக்கும் எட்டுப் பக்கக் கையேடு ஒன்று மெய்ப்புக்கு வந்திருக்கிறது. காலில் நீலமாகப் புடைத்துக்கொண்டு நெளிநெளியாக ஓடுமே, அதைப் பற்றியது. மொழிபெயர்த்தவர் முதல் பக்கத்தில் "நரம்பு சுருட்டல்" என்கிறார். மூன்றாம் பக்கத்தில் "சுருள் சிரை". ஐந்தில் "நாளப்புடைப்பு". அப்புறம் களைத்துவிட்டார் போல, கடைசி வரை "வெரிகோஸ் வெயின்" தான். போதாததற்கு கடைசிப் பக்கப் பெட்டிச் செய்தியில், இரத்தக் குழாய் பலூன் மாதிரி ஊதும் அனியூரிசம் என்பதற்கு "நரம்பு வீக்கம்" என்று போட்டிருக்கிறார்.

ஒரே சொல்லாக ஆக்க வேண்டும். அதற்கு முன் வெரிகோஸ் என்றால் உண்மையில் என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் நல்லது. இன்னொன்று, "நரம்பு" என்று எழுதலாமா கூடாதா? அகராதி மூன்று பார்த்தேன், மூன்றும் மூன்று திசையில் போகின்றன.

#2 புதியவள்

தலைப்பில் மூலம் என்று பார்த்து ஓடி வந்தேன். எனக்கும் அதுதான் தொல்லை, உட்கார முடியவில்லை. தப்பான இழைக்கு வந்துவிட்டேனா?

#3 பிழைதிருத்தி

ஐயோ, இது சொல்லின் மூலம், அம்மா. மன்னிக்கவும், தலைப்பை யோசித்து வைத்திருக்க வேண்டும்.

#4 சொல்வேட்டை

புதியவள் ஒன்றும் பெரிதாகத் தப்பான இடத்துக்கு வரவில்லை. மூலநோய்க்கும் இந்தச் சொல்லுக்கும் வெகுகாலம் உறவு பேசியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வெரிகோஸ். லத்தீனில் வேரிக்ஸ் என்றால் புடைத்து விரிந்த சிரை, அதாவது இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய். பன்மை வேரிசிஸ். அதோடு "ஓசஸ்" என்ற விகுதி சேர்ந்து வேரிகோசஸ். அந்த விகுதிக்கு "நிறைந்த, மிகுந்த" என்று பொருள். ஆக வேரிகோசஸ் என்றால் "புடைத்த சிரைகள் நிறைந்த".

இங்கே ஒரு வேடிக்கை. லத்தீனில் இந்த அடைமொழி ஆளுக்கே வரும். ரோமானிய அங்கதக் கவிஞர் ஜுவெனலின் ஆறாம் பாடலில், பெண்கள் ஓயாமல் வந்து குறி கேட்பதால் விலங்கின் குடலைப் பார்த்துக் குறி சொல்பவன் நின்று நின்றே வேரிகோசஸ் ஆகிவிடுவான் என்று கிண்டல் வருகிறது. அதாவது "கால் புடைத்தவன்" ஆகிவிடுவான். இப்போது நாம் அந்த அடைமொழியை ஆளிடமிருந்து பிடுங்கிச் சிரைக்கு மாட்டி "வெரிகோஸ் வெயின்" என்கிறோம். எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் "புடைசிரை நிறைந்த சிரை". நம்மூர் "நடு சென்டர்" மாதிரிதான்.

நின்றுகொண்டே வேலை பார்த்தால் இது வரும் என்று அப்போதே ஊருக்கே தெரிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தெரியாவிட்டால் அந்தக் கிண்டலுக்கு யார் சிரிப்பார்கள்?

#5 வேர்ச்சொல்_வீரன்

லத்தீன் வரை ஏன் போகிறீர்கள்? கண் முன்னால் இருப்பது தெரியவில்லையா? வேர்! மரத்தின் வேர் மண்ணுக்கு மேலே புடைத்து நெளிந்து ஓடுவதைப் பாருங்கள். அப்படியே காலில் ஓடும் இந்தக் குழாயும். வேர் > வேரி > வேரிக்ஸ் > வெரிகோஸ். தமிழிலிருந்து போன சொல் இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

#6 சொல்வேட்டை

வீரரே, உவமை அழகாக இருக்கிறது. ஆனால் "வேரிக்ஸ்" என்பது ஆங்கிலேயர் வாயில் வந்த ஒலி. ரோமானியர் அந்த முதல் எழுத்தை உதடு குவித்து, ஏகாரம் இல்லாமல், ஏறக்குறைய "வரிக்ஸ்" என்று சொல்லியிருப்பார்கள். அப்படியானால் "வேர்" போய்விட்டது. அதற்குப் பதில் "வரி" என்று நான் ஒரு கடை திறக்கலாம்: தோலில் வரி வரியாகத் தெரிவதால் வரி > வரிக்ஸ். உங்களுடையதைவிட ஒலி நெருக்கம் அதிகம். இரண்டு வெவ்வேறு தமிழ்ச் சொற்கள் ஒரே லத்தீன் சொல்லுக்கு இவ்வளவு சுலபமாகப் பொருந்துகின்றன என்றால், பொருந்துவது எதையும் நிரூபிக்கவில்லை என்றுதான் அர்த்தம். எந்த வழியாக, எந்த நூற்றாண்டில், யார் வாய் வழியாகப் போனது என்று காட்ட வேண்டும்.

லத்தீனுக்குள்ளேயே வேரிக்ஸின் அடி எது என்பதில் அறிஞர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. பழைய அகராதிகள் சில, "வளைந்த, கால் கோணலான" என்று பொருள்படும் வேரஸ் என்ற சொல்லோடு முடிச்சுப் போடுகின்றன. எலும்பு மருத்துவர்கள் முழங்கால் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருப்பதை இன்றும் வேரஸ் என்றுதான் எழுதுவார்கள். காலை அகட்டி நடப்பதற்கான லத்தீன் வினையும் அந்தக் குடும்பம்தான். நேராகப் பதில் சொல்லாமல் மழுப்புவதற்கு ஆங்கிலத்தில் பிரிவேரிகேட் என்கிறார்களே, அதுவும் அங்கிருந்து கிளைத்தது: பேச்சு கோணலாக நடக்கிறது. வேரிக்ஸ் இந்தக் குடும்பத்துப் பிள்ளையா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்பதுதான் தகராறு.

#7 வேர்ச்சொல்_வீரன்

வரி என்பதும் தமிழ்தானே. எப்படியும் நான் ஜெயித்தேன்.

#8 நின்றே_பழகியவன்

நான் பல வருடம் இதை "வேரியஸ் வெயின்" என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பலவிதமான சிரை போல என்று! மொழி ஆராய்ச்சியில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆனால் பிழைதிருத்தி கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் காலே சாட்சி.

இருபத்தாறு வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். இடது கெண்டைக்காலில் மண்புழு மாதிரி ஒன்று எழும்பியது. வீட்டில் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றார்கள். நரம்பு என்றதும் நான் எங்கே போவேன்? நரம்பு டாக்டரிடம்தான் போனேன். கால் மரத்துப் போகிறதா, ஊசி குத்துவது போல இருக்கிறதா என்று கேட்டார்கள். மாலையானால் கனக்கும், அரிக்கும் என்றேன். கையோடு ஒரு கட்டு பி12 மாத்திரை. காலை ஒருவரும் பேன்டைத் தூக்கிப் பார்க்கவில்லை, நானும் தூக்கிக் காட்டவில்லை. எட்டு மாதம் விழுங்கினேன். மண்புழு பாம்பாக வளர்ந்தது.

கடைசியில் வேறு ஒரு வேலையாகப் போன இடத்தில் ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு, "இது நரம்பு இல்லை சார், இரத்தக் குழாய். அதற்கு வேறு டாக்டர்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எட்டு மாதம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால்!

#9 ஓய்வுபெற்ற_செவிலி

தம்பி, உங்களை மாதிரி எத்தனை பேர். முப்பது வருட வேலையில் நான் கேட்ட பேச்சைச் சொல்கிறேன்: "நரம்பு சுருட்டிக்கிச்சு", "நரம்பு முடிச்சு போட்டிருக்கு", "பச்சை நரம்பு பொடைச்சிருக்கு". ஒருவர்கூட சிரை என்று சொன்னதில்லை. ஊசி போட நாங்களே "நரம்பு கிடைக்கவில்லை" என்றுதான் சொல்லுவோம். ஊசி போவது சிரைக்குள், வாயில் வருவது நரம்பு.

ஆகவே நரம்பு என்ற சொல்லைக் கையேட்டிலிருந்து அடியோடு எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் படிப்பவருக்கு இது தன் கால் பற்றியது என்றே தெரியாது.

#10 யாழ்நரம்பு

செவிலி அக்கா சொன்னதற்கு இரண்டாயிரம் வருடப் பழமை உண்டு. புறநானூறு 278, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. "நரம்பு எழுந்து உலறிய நிரம்பா மென்தோள்" என்று தொடங்கும். மகன் போர்க்களத்தில் புறமுதுகு காட்டினான் என்று பிறர் சொல்லக் கேட்டுச் சினந்து போகும் அந்த முதியவளின் உருவம் இது. தோளில் சதை வற்றி நரம்பு எழுந்து நிற்கிறது. அங்கே எழுந்து நிற்பது எது? உணர்வைக் கடத்தும் நரம்பு அல்ல. அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தோலுக்குக் கீழே புடைத்திருக்கும் இரத்தக் குழாய்தான் அது, கூடவே தசைநாணும் இருக்கலாம்.

தமிழில் நரம்பு என்பது நீளமாக, கயிறு போல, இழுபட்டு நிற்கும் எதற்கும் பெயர். யாழில் கட்டியதும் நரம்பு. இலையில் ஓடுவதும் நரம்பு. "இது நரம்பு அல்ல" என்று மருத்துவர்கள் சொல்லும்போது, பின்னால் வந்த ஒரு குறுகிய பொருளை வைத்துக்கொண்டு மூத்த பொருளை வீட்டைவிட்டு விரட்டுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

#11 சொல்வேட்டை

அருமை! கிரேக்கத்திலும் அச்சு அசலாக இதே கதைதான். நியூரான் என்றால் ஆதியில் தசைநாண், வில்லின் நாண், யாழ் போன்ற கருவியின் தந்தி. லத்தீன் நெர்வஸும் அப்படியே. கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்ட்ரியாவில் உடல்களை அறுத்துப் பார்த்த ஹெரோஃபிலஸும் எராசிஸ்ட்ரேட்டஸும்தான் மூளையோடு தொடர்புள்ள நரம்புகளைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் புதுப் பெயர் வைக்கவில்லை. தசைநாணின் பெயரையே அதற்கும் கொடுத்துவிட்டார்கள். நாமும் அதையேதான் செய்திருக்கிறோம்.

#12 அறுவை

பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், தொழிலும் பேச்சும் ஒன்றுதான். இரத்தக் குழாய் அறுவை சிகிச்சை செய்பவன். இந்த இழையை நேற்று இரவு படிக்க ஆரம்பித்துத் தூக்கம் போயிற்று.

யாழ்நரம்பு அவர்களே, சங்கப் பாடல் எனக்கும் பிடிக்கும். ஆனால் நச்செள்ளையாரின் முதியவள் டாக்டர் தேடிப் போகவில்லை. நின்றே_பழகியவன் போனார். அவருக்கு எட்டு மாதம் நட்டம். கையேடு அவருக்காகத்தான்.

என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலிலிருந்து இரத்தம் மேலே ஏற வேண்டும், புவியீர்ப்பை எதிர்த்து. தள்ளுவது கெண்டைக்கால் தசை. ஏறியது திரும்ப இறங்காமல் பிடிப்பது சிரைக்குள் இருக்கும் குட்டி வால்வுகள். அசையாமல் நின்றால் பாதத்துச் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் போகும். நாலு எட்டு நடந்தால் 20, 30 என்று இறங்கிவிடும். வால்வு மூடாமல் கசிந்தால் நடந்தும் அது சரியாக இறங்காது. தோலுக்கு அருகில் ஓடும் சிரைகள் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் விரியும், நீளும். போக இடம் இல்லாததால் நெளியும். சுருட்டல் என்று நீங்கள் பார்ப்பது கடைசிக் காட்சி. வெரிகோஸ் என்ற லத்தீன் சொல்லும் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான் சொல்கிறது, வால்வைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

நாங்கள் அளவு வைத்துப் பிரிக்கிறோம். நிற்கும்போது 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால்தான் வெரிகோஸ். 1 முதல் 3 வரை வலைச்சிரை. 1க்குக் கீழே, சிலந்தி வலை மாதிரி சிவப்பும் ஊதாவுமாக இருப்பது டெலாஞ்சியெக்டேசியா. இந்தப் பெயரைச் சொல்வேட்டை பிரித்து மேயட்டும்.

இனி அந்த அனியூரிசம் விஷயம். "நரம்பு வீக்கம்" என்று அச்சாகப் போகிறது என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தயவுசெய்து முதலில் அதை அடியுங்கள். வெரிகோஸ் சிரையில் வருவது. அனியூரிசம் பெரும்பாலும் தமனியில், அதாவது இதயத்திலிருந்து அழுத்தத்தோடு இரத்தம் போகும் குழாயில், சுவர் பலவீனமான இடத்தில் பலூன் மாதிரி ஊதுவது. வயிற்றுக்குள் ஓடும் பெருந்தமனி சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அளவு. 3 ஆனால் அனியூரிசம் என்போம். ஆண்களுக்கு 5.5 எட்டினால் பொதுவாக அறுவை சிகிச்சை பற்றிப் பேச ஆரம்பிப்போம். வெடித்தால் உயிர் போகும். ஐன்ஸ்டைன் 1955இல் இறந்தது அப்படித்தான். 1948இல் ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர் அந்தப் புடைப்பைச் செலோஃபேன் தாளால் சுற்றிவிட்டிருந்தார். அது ஏழு வருடம் தாங்கியது. மளிகைப் பொட்டலம் கட்டும் தாள் என்று சொன்னால் என் மாணவர்கள் நம்புவதே இல்லை.

#13 சொல்வேட்டை

அறுவை ஐயா, உத்தரவு. டெலோஸ் என்றால் முடிவு, நுனி. ஆஞ்சியான் என்றால் பாத்திரம், குழாய். எக்டாசிஸ் என்றால் இழுபட்டு விரிதல். "நுனிக்குழாய் விரிவு". பெயரே விளக்கம்.

அனியூரிசம் இன்னும் ருசியானது. பார்த்தவுடன் நடுவில் "நியூர்" என்று தெரியும். நரம்பு சம்பந்தப்பட்டது என்று கை தானாக எழுதும். கையேட்டை மொழிபெயர்த்தவர் விழுந்த குழி அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் வெட்ட வேண்டிய இடம் வேறு: அன + யூரிஸ். யூரிஸ் என்றால் அகலமான. அகலப்படுத்துதல் என்ற வினையிலிருந்து அனியூரிஸ்மா. நியூரானுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலேயர்களே கடைசியில் "இசம்" என்று ஏதோ கொள்கைப் பெயர் மாதிரி எழுத்தை மாற்றி எழுதிக் குழம்பியிருக்கிறார்கள்.

வெரிகோஸுக்குக் கிரேக்கத்தில் கிர்சோஸ் என்று பெயர். விரைப்பையில் சிரை புடைப்பதை வெரிகோசீல் என்கிறார்களே, அதில் தலை லத்தீன், வால் கிரேக்கம். கலப்புத் திருமணம். முழுக் கிரேக்கத்தில் சிர்சோசீல் என்று ஒரு சொல் இருந்தது, வழக்கொழிந்துவிட்டது. கல்லீரல் சுருங்கிப்போகும் சிரோசிஸை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பழுப்பு மஞ்சள் நிறத்துக்கான கிர்ரோஸ் என்ற சொல்லிலிருந்து லேனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1819இல் வைத்த பெயர். இதில் ஒரு கொடுமை: சிரோசிஸ் முற்றினால் உணவுக்குழாயில் சிரைகள் புடைக்கும், அதற்கு வேரிசிஸ் என்றே பெயர். இரண்டு கிரேக்கச் சொற்களும் ஒலியில் மட்டும் பக்கத்தில் நிற்கின்றன. நோயாளியின் உடம்பில் நிஜமாகவே பக்கத்தில் வந்து நின்றுவிடுகின்றன.

#14 புதியவள்

என் மூலத்தை மறந்துவிட்டீர்களே. "பிறகு வருகிறேன்" என்றீர்கள்.

#15 அறுவை

நான் சொல்கிறேன். ஆசனவாயில் சிரை புடைப்பதுதான் மூலம் என்று வெகுநாள் பாடம் நடந்தது. இப்போது அப்படிச் சொல்வதில்லை. அங்கே எல்லோருக்குமே இயல்பாக இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு இருக்கிறது, அது வீங்கிச் சரிவதே மூலம். ஆகவே வெரிகோஸின் தங்கை இல்லை, தூரத்துச் சொந்தம். ஹெமராய்ட் என்ற கிரேக்கப் பெயருக்கு "இரத்தம் ஒழுகுவது" என்றுதான் பொருள். புடைப்பைச் சொல்லவே இல்லை. இரத்தம் போகிறது என்றால் மூலம்தான் என்று நீங்களாக முடிவு கட்டாமல் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

#16 சிப்பிப்பிரியை

தலைப்புக்குச் சம்பந்தம் கொஞ்சம்தான். சங்கு, நத்தை ஓடுகளில் வளர்ச்சி நின்று நின்று போன இடத்தில் தடித்த வரப்பு ஒன்று எழும்பும். அதற்கும் வேரிக்ஸ் என்றே பெயர். என் மேசையில் இருக்கும் ஓட்டில் விரலை ஓட்டினால் மூன்று வரப்பு தட்டுகிறது. ஓட்டைப் பார்த்துக் காலை நினைத்தவர் யாரோ!

#17 வேர்ச்சொல்_வீரன்

வரப்பு! வரி, வரப்பு, வரிக்ஸ்!

#18 நெறியாளர்

வீரரே, போதும். அடுத்த சொல் ஆராய்ச்சிக்குத் தனி இழை தொடங்குங்கள். மற்றவர்கள், பிழைதிருத்தியின் கேள்விக்குத் திரும்புங்கள்.

#19 பிழைதிருத்தி

நன்றி. அனியூரிசத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு "தமனிப் புடைப்பு" என்று போட்டிருக்கிறேன். இப்போது என் சிக்கல்: சிரையா, நாளமா? "சிரை" என்று எழுதினால் அலுவலகத்தில் ஒருவர் சவரம் பண்ணுகிற சிரைத்தானே என்று சிரிக்கிறார். இன்னொரு தொல்லை, தட்டச்சில் அது தானாகச் "சிறை" ஆகிவிடுகிறது.

#20 யாழ்நரம்பு

இலங்கைப் பாடநூல்களில் நாடி, நாளம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தமனி, சிரை. ஒரே உறுப்பு, இரண்டு மரபு. நாளம் என்றால் உள்ளே துளையுள்ள தண்டு, தாமரைத் தண்டுக்கும் அதே பெயர். காட்சியாக எனக்கு அது பிடிக்கும். ஆனால் நாளமில்லாச் சுரப்பி என்று வேறு இடத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இரத்தநாளம் என்றால் எல்லா இரத்தக் குழாயும் என்று பொதுவாகவும் வழங்குகிறது.

தமனி, சிரை இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. தமனியின் அடிச்சொல்லுக்கு "ஊதுதல்" என்று பொருள். ஊதும் குழாய். இறந்த உடலில் அது காலியாக இருப்பதைப் பார்த்துக் கிரேக்கர்களும் அதில் காற்று ஓடுகிறது என்றே நம்பினார்கள்.

பழைய வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையில் சிராஜ கிரந்தி என்று ஒன்று வருகிறது, "சிரையில் தோன்றிய முடிச்சு". பலவீனமானவர் உடலை வருத்தி உழைப்பதால் வருவது என்கிறது. செவிலி அக்கா சொன்ன "நரம்பு முடிச்சு" நினைவுக்கு வருகிறதா?

#21 சொல்வேட்டை

வால்வு பற்றி அறுவை ஐயா சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். இத்தாலியின் பதுவாவில் ஃபேப்ரிசியஸ் என்ற உடற்கூறு ஆசிரியர் 1603இல் சிரைக்குள் இருக்கும் வால்வுகளை விளக்கி நூல் வெளியிட்டார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் "சிறு கதவுகள்". கதவைக் கண்டாரே ஒழிய அது எதற்கு என்பதில் கோட்டை விட்டார். இரத்தம் முழுக்கக் கால் பக்கம் பாய்ந்துவிடாமல் மட்டுப்படுத்தும் மடை என்று நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628இல் இரத்தம் சுற்றி வருகிறது என்று எழுதியபோதுதான் அந்தக் கதவு இதயத்தை நோக்கி மட்டும் திறப்பது என்று விளங்கியது. வேரிக்ஸ் என்ற பெயர் வைத்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கண்ணில் பட்டதைச் சொன்னார்கள்.

ஆனால் அறுத்து எடுக்கத் தெரிந்திருந்தது. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்ற ரோமானிய மருத்துவ நூலாசிரியர், கால் வேரிக்ஸைச் சூடு வைத்தோ வெட்டியோ எடுப்பதைப் படிப்படியாக எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால் ரோமானியத் தளபதி மேரியஸ் கதையைப் புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் சொல்கிறார். இரண்டு காலிலும் நிறைய. மயக்க மருந்து இல்லாத காலம், ஆளைக் கட்டிப் போட்டுத்தான் அறுப்பார்கள். கட்டாதே என்று சொல்லிவிட்டு, முனகாமல், முகம் சுளிக்காமல் ஒரு காலைக் கொடுத்தாராம். மருத்துவர் அடுத்த காலுக்கு நகர்ந்தபோது, "குணம் தெரிகிறது, ஆனால் இந்த வலிக்கு அது கட்டுப்படியாகாது" என்று மறுத்துவிட்டார்.

ரோமானியப் பேச்சாளர் சிசரோவுக்கும் இது உண்டு. புடைத்த காலை மறைக்கத்தான் அவர் மேலாடையைத் தழையத் தழைய உடுத்தினார் என்று மூத்த பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் சொன்னதாகக் குவிண்டிலியன் என்ற பேச்சுக்கலை ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு நேர்த்திக்கடன் சிற்பம் இருக்கிறது, கி.மு. நான்காம் நூற்றாண்டு. தாடி வைத்த ஒருவர் ஒரு மாபெரும் ஒற்றைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் காலின் உட்பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு சிரை புடைத்து ஓடுகிறது. படத்தை முதல்முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன். அப்புறம் அந்தச் சிற்பி சிரையை எவ்வளவு சரியான இடத்தில் செதுக்கியிருக்கிறான் என்று பார்த்ததும் சிரிப்பு நின்றது.

#22 நின்றே_பழகியவன்

மேரியஸுக்கு என் வணக்கம். எனக்கு லேசர், மரத்துப் போக ஊசி, அன்றே நடந்து வீட்டுக்குப் போனேன்.

ஆனால் எனக்கு இந்த நோய் புரிந்தது பெயராலும் இல்லை, சிகிச்சையாலும் இல்லை, இரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் டாப்ளர் ஸ்கேனில்தான். ஒரு முக்காலி உயரப் படியில் நிற்க வைத்தார்கள். பாரத்தை வலது காலில் போடு என்றார்கள். இடது தொடையில் ஜில்லென்று ஜெல். அந்தப் பெண் ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை ஒரு பிழி பிழிந்தார். திரையில் நீலமாக ஒன்று மேலே பாய்ந்தது, "விஷ்" என்று சத்தம். கையை விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். உடனே சிவப்பாக, நீளமாக, "ஷ்ஷ்ஷ்ஷ்" என்று கீழே திரும்பி வந்தது. "கேட்டீங்களா? கதவு சாத்தல. அரை செகண்டுல நிக்கணும், உங்களுக்கு ரெண்டைத் தாண்டுது" என்றார். பி12 மாத்திரைக்கு அந்தக் கதவைச் சாத்தத் தெரியுமா, சொல்லுங்கள்.

#23 ஓய்வுபெற்ற_செவிலி

"கதவு சாத்தல" என்பதைக் கையேட்டில் போடுங்கள், தம்பி. நாலு பத்திக்கு அது சமம். கூடவே இரண்டு வரி கட்டாயம் வேண்டும். புடைத்த சிரை வெடித்து இரத்தம் வந்தால் நிற்கக் கூடாது. படுத்து, காலை உயரத் தூக்கி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அது வெரிகோஸ் சமாச்சாரம் என்று வீட்டில் உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

#24 பிழைதிருத்தி

வரைவு இதோ:

"கால் சிரைப் புடைப்பு (வெரிகோஸ் வெயின்): இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பி அனுப்பும் குழாய்க்குச் சிரை என்று பெயர். அதன் உள்ளே இருக்கும் சிறு கதவுகள் சரியாகச் சாத்தாமல் போனால் இரத்தம் தேங்கி, சிரை விரிந்து நெளியும். பேச்சுவழக்கில் இதை நரம்பு சுருட்டல் என்கிறோம். ஆனால் இது உணர்வு நரம்பு அல்ல."

#25 ஓய்வுபெற்ற_செவிலி

நன்றாக இருக்கிறது. ஆனால் தலைகீழாக வையுங்கள். படிப்பவர் தேடும் சொல் கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது. வரிசையில் உட்கார்ந்து முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து விசிறிக்கொள்வார்கள்.

#26 அறுவை

அக்கா சொல்வது சரி. "நரம்பு சுருட்டல் என்று நாம் சொல்வது நரம்பில் வருவதில்லை" என்று முதல் வாக்கியம் இருக்கட்டும். பெயரை மாற்ற வேண்டாம், பெயரின் கையைப் பிடித்து சரியான டாக்டர் வாசலில் விட்டால் போதும்.

#27 யாழ்நரம்பு

"நரம்பில் வருவதில்லை" என்பதை நான் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பேன். "உணர்வு நரம்பில்" என்று ஒரு சொல் சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

#28 பிழைதிருத்தி

சேர்த்தாயிற்று. "உணர்வு நரம்பில் வருவதில்லை, இரத்தக் குழாயில் வருவது" என்று முதல் வரி. எட்டுப் பக்கங்களிலும் "கால் சிரைப் புடைப்பு" ஒன்றே. நேற்று அச்சுக்குப் போனது. எல்லோருக்கும் நன்றி.

#29 பிழைதிருத்தி

அச்சான பிரதி கைக்கு வந்தது. முதல் வரி நன்றாக வந்திருக்கிறது. ஆறாம் பக்கத் தலைப்பில், பெரிய எழுத்தில், "கால் சிறைப் புடைப்பு".

#30 நின்றே_பழகியவன்

இருபத்தாறு வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. விடுங்கள்.